ட்ரம்முக்குள் கிடந்த ஞாயிறு

போன வாரம் ஹேமந்தை நாம் விட்ட இடம், படாளம் காலனியில் அவன் அப்பா வீட்டு வாசல். சனிக்கிழமைச் சூரியன் பனைமரங்களுக்குப் பின்னால் விழுந்துகொண்டிருக்க, பைக்கை விரட்டியடித்துக்கொண்டு வந்து நின்றான். "பொழுது சாயறதுக்குள்ள வூட்டுக்குள்ள இருந்தா எம்புள்ள. இல்லாட்டி அந்த ஈசிஆருக்கே புள்ளயா இருந்துக்கோ" என்று அப்பா ஜெபசிங் சொல்லி அனுப்பியிருந்தார். வந்துவிட்டான். மயிரிழையில் வந்துவிட்டான்.

பாவி மகன், அவ்வளவு அவசரப்பட்டு வராமலேயே இருந்திருக்கலாம். எழுதுகிற எனக்கே இப்போது அப்படித்தான் தோன்றுகிறது.

அவன் வேலை உங்களுக்குத் தெரியும். முட்டுக்காட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, ஈசிஆர் சாலையில், காயலோரமாக இருக்கும் ஒரு ரிசார்ட்டில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறான். ஊரே ஓய்வெடுக்க வரும் நாள் ஞாயிறு. அதனால் அவனுக்கு ஞாயிறு கிடையாது. இரண்டு வருஷமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட வீட்டில் இருந்ததில்லை. அந்த இரண்டு வருஷமும் அவன் அப்பா அவனோடு முகம் கொடுத்துப் பேசியதுமில்லை. இந்த வாரம்தான் அவனுடைய சிநேகிதன் தீனதயாளன், "நீ போ மச்சான், ஒன் படக நான் பாத்துக்கறேன். ஒங்க நைனா கூட ஒரு நாளாவது ஒக்காந்து துன்னு" என்று பிடித்துத் தள்ளி அனுப்பிவைத்தான்.

கிளம்பும் அவசரத்தில் ஹேமந்த் செய்த காரியம், போன வாரம் கவனமாகப் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். படகைச் சரிவில் ஏற்றி, அடியில் இருக்கும் துளையின் மூடியைத் திருகி எடுத்து, உள்ளே தேங்கியிருந்த தண்ணீரை வடியவிட்டான். வடிந்ததும் மூடியைத் திருப்பிப் போட வேண்டும். அவன் மேற்கே பார்த்தான். சூரியன் இறங்கத் தொடங்கியிருந்தது. மூடியை பேன்ட் பைக்குள் போட்டுக்கொண்டு பைக்கை உதைத்தான்.

அந்த பேன்ட் இப்போது ஜெபசிங் வீட்டு ஆணியில் தொங்குகிறது. பைக்குள் மூடி இருப்பது அவனுக்கே ஞாபகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது.

இந்த வீட்டின் ஞாயிறு வேறு மாதிரி. சனிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து ஞாயிறு பொழுது சாயும்வரை அடுப்பு எரியாது. துணி துவைக்கக் கூடாது, வண்டியைத் துடைக்கக் கூடாது, கடைக்குப் போகக் கூடாது. எல்லாவற்றையும் சனிக்கிழமையே சமைத்து மூடிவைத்துவிடுவாள் ஹேமந்தின் அம்மா சந்திரம்மா. வீட்டிலிருக்கும் போன்கள் அத்தனையும் அடுப்பங்கரை மூலையில் இருக்கும் அரிசி ட்ரம்முக்குள் போய்விடும். அரிசி மேலே போன், போன் மேலே மூடி. அவ்வளவுதான், பூட்டு கிடையாது. இந்த வீட்டில் அந்த மூடியை ஞாயிற்றுக்கிழமை யாரும் தொட்டதில்லை.

அவர்கள் சபை இவ்வளவு கறார் இல்லை. சபைப் பாஸ்டரே ஆராதனை முடிந்த கையோடு போனைக் காதில் வைத்துக்கொண்டு போகிறவர்தான். இது சபைச் சட்டமல்ல, ஜெபசிங் வீட்டுச் சட்டம். அது எப்படி வந்தது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

"ஏந்துரு ஹேமந்து. நேரமாவுது பாரு" என்று சந்திரம்மா எழுப்பினாள்.

"இன்னாம்மா நாஸ்தா?"

"புளிசோறு. நேத்து வச்ச மீன் கொயம்பும் கீது. சூடா வோணும்னா நாளைக்கு வா."

அவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பைக் கேட்டு உள்ளேயிருந்து ஜெபசிங் எட்டிப் பார்த்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரி, கிளம்பத் தயாராக நின்றுகொண்டிருந்தார். வாரத்தில் ஆறு நாள் மறைமலைநகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மனுஷன். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்று மேனேஜர் எத்தனையோ முறை ஆசை காட்டிப் பார்த்தும் மசியாதவர்.

"ஒம் பழைய வேட்டிய எடுத்து வச்சிகீறேன். கட்டிக்கோ" என்றார் மகனிடம்.

இரண்டு வருஷத்தில் அவர் நேராக அவனைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. சந்திரம்மா சாப்பாட்டுத் தட்டுகளை எடுக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டாள்.

சபையில் அப்பாவும் மகனும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பாட்டு வந்தபோது ஜெபசிங் தன் புத்தகத்தை இவன் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார். வெளியே வந்ததும் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எம்புள்ள. ஞாயித்துக்கெழம வந்துகீறான்" என்று கேட்காமலேயே சொன்னார். அந்த மனுஷன் அப்படிப் பல்லைக் காட்டி அந்தக் காலனி பார்த்ததே இல்லை.

மத்தியானம் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து ஆறிப்போன குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார்கள். யாருக்கும் எங்கேயும் போக வேண்டியதில்லை. ஹேமந்த் மூன்றாம் முறை சோறு வாங்கினான். தட்டைக் கழுவக்கூட யாரும் எழவில்லை. தண்ணீர் ஊற்றி ஒதுக்கி வைத்தார்கள்.

"ஒண்ணு சொல்லட்டா நைனா? ரெண்டு வருசமா நான் தூங்கவே இல்ல மாதிரி கீது."

"தூங்கு. எவன் வந்து எழுப்பறான்னு நான் பாக்கறேன்."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஹேமந்த் பாயை விரித்துச் சுவரோரமாகப் படுத்தான். படுத்த நிமிஷமே தூங்கிப்போனான். ஜெபசிங் எதிரில் உட்கார்ந்து அவன் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். உப்புத் தண்ணீரில் ஊறி ஊறி விரலிடுக்கெல்லாம் வெடித்துக் கிடந்தது. எழுந்துபோய்த் தேங்காய் எண்ணெயை எடுத்துவந்து, அவன் விழித்துவிடாமல் மெல்லத் தடவினார்.

"இது வேலையில சேராதா?" என்றாள் சந்திரம்மா கிண்டலாக.

"சும்மா இரு."

அப்போதுதான் ட்ரம் உறுமியது.

தகர ட்ரம். உள்ளே அரிசி பாதிதான் இருந்தது. மற்ற போன்களை அணைத்துத்தான் போட்டிருந்தார்கள். ஹேமந்த் தன் போனை அணைக்கவில்லை, ஓசையை மட்டும் நிறுத்தியிருந்தான். ரிசார்ட் மேனேஜர் ராமதாஸிடம் போன் அணைந்திருந்தால் திட்டு விழும் என்று ஆகிப்போன பழக்கம். ஓசையில்லாவிட்டால் என்ன, அதிர்வு தகரத்தில் பட்டு அடுப்பங்கரை முழுக்கக் கேட்டது. நின்றது. மறுபடியும் உறுமியது.

"இன்னாங்க, அடிச்சிகினே கீது."

"அடிக்கட்டும்."

"எதுனா அவசரமா இருக்கப் போவுது."

"அவனுங்களுக்கு எந்த ஞாயித்துக்கெழமதான் அவசரம் இல்ல? ரெண்டு வருசமா இவன நிம்மதியா ஒரு வாய் துன்ன வுட்டானுங்களா? இன்னிக்கு ஒரு நாள் கெடந்து கத்தட்டும்."

நின்றது. கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு மறுபடியும்.

சந்திரம்மாவால் இருப்புக்கொள்ளவில்லை. "மாடு பள்ளத்துல வுழுந்துட்டா ஓய்வுநாளுன்னு பாத்துகினு சும்மா இருப்பியான்னு ஆண்டவரே கேட்டாரு இல்ல? இன்னான்னு ஒரு தபா பாருங்களேன்."

ஜெபசிங் எழுந்து போனார். ட்ரம் மேல் கையை வைத்தார். தகரம் அவர் உள்ளங்கைக்குள் நடுங்கியது. மூடியைத் தூக்கினார். அவர் வாழ்நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த மூடி திறந்தது அதுதான் முதல் தடவை.

அரிசி மேல் போன் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு படம். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு இளிக்கிற தீனதயாளன். கீழே பெயர்: தீனா மச்சான்.

இப்போது அந்தக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் இந்த மனுஷன் அடுத்து செய்ததை உங்களால் மன்னிக்க முடியாது. சொன்னாலும் முடியுமா என்று எனக்குத் தெரியாது.

தீனதயாளன் யார்? ஏரிக்கு அந்தப்புறம், ஊருக்குள் இருக்கும் உலகநாதனுடைய மகன். உலகநாதனின் அப்பாவிடம்தான் ஜெபசிங்கின் அப்பா பண்ணையாளாக இருந்தார். சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாத குடும்பம். வாரம் ஏழு நாளும் வேலை. கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த பிறகு, ஆறு நாள் உழைத்து ஏழாம் நாள் ஓய்ந்திரு என்று கடவுளே சொல்லியிருப்பதாகச் சபையில் கேட்டார். அது அவருக்குப் பெரிய சேதி. கடவுள் ஒருத்தர், உன்னைப் போன்ற ஆளுக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார் என்றால் சும்மாவா?

அடுத்த ஞாயிறு ஆண்டை, அதாவது உலகநாதனின் அப்பா, வந்தார். காலனிக்குள் கால் வைக்க மாட்டார். முனையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஜெபசிங்கின் அப்பா போய்க் கும்பிட்டு நின்று, "இன்னிக்கு எனக்கு வேற எசமானுங்க" என்றார். அவ்வளவுதான். புளிய விளாறால் முதுகில் அடித்தார்கள். அடித்துவிட்டு, அந்த அறுப்புக் காலம் முழுக்க அந்த வீட்டுக்கு ஊரில் யாரும் வேலை கொடுக்காதபடி பார்த்துக்கொண்டார்கள். ஜெபசிங்குக்கு அப்போது சின்ன வயது. பசியில் அழுத தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு கீரை பறிக்கப் போனது இன்னும் அவருக்கு மறக்கவில்லை. ஆனாலும் அப்பா அடுத்த ஞாயிறும் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. அடியும் பட்டினியும் கொடுத்து வாங்கிய ஞாயிறு அது. ட்ரம்மும் மூடியும் அப்புறம் வந்தவை.

காலம் மாறிவிட்டது. ஆண்டை போய்ச் சேர்ந்து, நிலம் பங்குபோட்டுப் போய், அவர் பேரன் தீனதயாளன் ஜெபசிங் மகனோடு ஒரே ரிசார்ட்டில் ஒரே சம்பளத்துக்குக் கயிறு இழுக்கிறான். ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிடுகிறார்கள். மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள். ஜெபசிங்குக்கு மட்டும் அந்த வார்த்தை இறங்கவேயில்லை.

அந்த வீட்டு முகம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டு அரிசியின் மேல் உட்கார்ந்துகொண்டு அவர் மகனைக் கூப்பிட்டது.

'அன்னிக்கு எங்கப்பன் போவல. இன்னிக்கு எம்புள்ள போவ மாட்டான்.' வாய்விட்டுச் சொல்லவில்லை. மூடியைப் பழையபடி அழுத்தி மூடினார். ஒரு சாக்கை நாலாக மடித்து மேலே போட்டார். அதற்கு மேல் ஆட்டுக்கல் குழவியைத் தூக்கி வைத்தார்.

"யாரு?" என்றாள் சந்திரம்மா.

"கம்பெனிக்காரனுங்கதான். வேற யாரு."

அவர் பொய் சொல்கிற மனுஷன் அல்ல. அதனால் அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

ட்ரம் இன்னும் இரண்டொரு தடவை உறுமியது. சாக்கு அந்தச் சத்தத்தை அமுக்கிவிட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. ஜெபசிங் மகன் பக்கத்திலேயே உட்கார்ந்து பனையோலை விசிறியால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. இருந்தாலும் விசிறினார். மனசு நிறைந்திருந்தது அவருக்கு. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

வெயில் சாய ஆரம்பித்த நேரத்தில் ட்ரம் மறுபடி உறுமத் தொடங்கியது. இந்தத் தடவை நிற்கவே இல்லை. நிற்கும், உடனே அடுத்தது வரும். ஒன்று மாற்றி ஒன்று.

சந்திரம்மா எழுந்தாள். "இது சரியில்லங்க. நான் தொறக்கறேன்."

"பொழுது சாயட்டும் சந்திரா. இன்னும் கொஞ்ச நேரந்தான்."

"இன்னா பொழுது…"

வாசலில் மொபெட் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து குரல் வந்தது.

"ஜெபசிங்கு! ஏய் ஜெபசிங்கு!"

ஜெபசிங் எழுந்துவிட்டார். குரல் அப்படியே அந்த ஆண்டையின் குரல். அப்பனுடைய தொண்டை மகனுக்கு வந்திருந்தது. உலகநாதன் இந்தக் காலனிக்குள் வந்து அவர் பார்த்ததில்லை. செங்கல்பட்டுச் சந்தையில், பஸ்ஸில், ரேஷன் கடையில் எதிரெதிரே வந்தால் இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. வாசலில் நின்று கூப்பிடுகிறார்.

ஜெபசிங் வாசல் நிலையில் கையை ஊன்றி நின்றார். அவர் சொல்ல வேண்டியதை நாற்பத்தைந்து வருஷமாகத் தயாராக வைத்திருந்தவர் மாதிரி சொன்னார்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம. எவன் வந்து கூப்ட்டாலும் இந்த வூட்லேந்து ஒருத்தனும் வரமாட்டான்."

உலகநாதன் அவரைப் பார்த்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"ஆளு கூப்புட வரலப்பா" என்றார். "எம்புள்ளயக் காணோம்."

ஜெபசிங்கின் கை நிலையிலிருந்து இறங்கியது.

"இன்னா?"

"படகு கவுந்துட்டுதாம். ஏறுன ஜனமெல்லாம் கரையேறிட்டாங்களாம். இவன் ஒரு கொழந்தயத் தூக்கிக் கரைப்பக்கமாத் தள்ளி வுட்டானாம். அதுக்கப்பறம் ஆளக் காணோம்னு சொல்றாங்க. தேடிகினு கீறாங்களாம். ஒன் புள்ளைக்கு அடிச்சி அடிச்சிப் பாத்தாங்களாம், எடுக்கலன்னாங்க." மூச்சு வாங்கினார். "அந்தத் தண்ணியில எங்க பள்ளம், எந்தப் பக்கம் இழுக்கும்னு ஹேமந்துக்குத்தான் தெரியுமாம். வரச் சொல்லு ஜெபசிங்கு. ஒன் கால்ல வேணா வுழறேன். வரச் சொல்லு."

உள்ளே பாயில் ஹேமந்த் எழுந்து உட்கார்ந்திருந்தான். தூக்கம் முகத்தில் அப்பியிருந்தது. "யாரக் காணோம்? நைனா, யாரக் காணோமாம்?"

 கேட்கும்போதே வாசலில் நின்றவரைப் பார்த்துவிட்டான்.

"என் போன் எங்க?"

சந்திரம்மா அடுப்பங்கரைக்கு ஓடினாள். ட்ரம் மேல் குழவி இருந்தது. அதைத் தூக்கமுடியாமல் அவள் தடுமாற, ஜெபசிங் போய்த் தள்ளினார். குழவி தரையில் விழுந்து, சிமென்ட் பெயர்ந்தது. சாக்கை வீசினார். மூடியைத் திறந்து கையை விட்டு எடுத்தார். விரலிடுக்கில் அரிசி ஒட்டியிருந்தது. ஜன்னலில் வெயில் இன்னும் இருந்தது. பொழுது சாயவில்லை. அதை யாரும் பார்க்கவில்லை.

ஹேமந்த் பிடுங்கினான். திரை முழுக்கத் தவறிய அழைப்புகள். கடைசியில் வந்தவை எல்லாம் ராமதாஸ், ஆபீஸ், ராமதாஸ், ஆபீஸ். அவற்றுக்குக் கீழே, மத்தியானம் வந்தவை, தீனா மச்சான், தீனா மச்சான். அதோடு ஒரு குரல் பதிவு. அதைத் தொட்டான்.

தீனதயாளனின் குரல் அந்தச் சின்ன வீட்டுக்குள் வந்தது. பின்னால் ஜனங்களின் இரைச்சல், எவனோ கத்துகிற சத்தம்.

"மச்சான், மூடி எங்கடா வச்ச? படகடி மூடி. காலையில வேற படக வச்சி ஓட்டிட்டேன், இப்ப ஒன்னோடத எறக்கச் சொல்றாங்க, எல்லா எடத்துலயும் தேடிட்டேன். அல்லாரும் லைன்ல நிக்கிறாங்க, இந்த ராமதாஸ் ஆளு பேஜார் பண்ணிகினு கீறான். நீ சொல்ற வரைக்கும் எறக்க வேணாம்னு பாத்தேன்… சரி வுடு. துணிய வச்சி அடச்சிகினு எறக்கறேன். நீ தூங்கு. எழுந்திரிக்காத. ஒங்க நைனா பேசனாரா? பேசியிருப்பாரு. எனக்குத் தெரியும். நாளைக்கு வந்து சொல்லு, இன்னா?"

நின்றுவிட்டது.

உலகநாதன் நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டார். மகன் குரலைக் கேட்டதும் ஒரு நொடி அவர் முகத்தில் உயிர் வந்தது. மகன் பிழைத்துத்தான் பேசுகிறான் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. பிறகு புரிந்தது.

"இது எப்ப பேசனது?"

"மத்தியானம் அங்கிள்" என்றான் ஹேமந்த். "நான் தூங்கினு இருந்தேன். போன் ட்ரம்முக்குள்ள கெடந்துது. யாருக்கும் கேட்டிருக்காது." பரபரவென்று வேட்டியை உருவிப்போட்டு, ஆணியிலிருந்து பேன்ட்டை இழுத்து மாட்டினான். "நான் போறேன். வாங்க. எனக்குத் தெரியும், பாலத்துக்குக் கீழதான் இழுத்துகினு போயிருக்கும். நான் போனா எடுத்துடுவேன். தீனாவுக்கு நீச்சல் தெரியும், எங்கனா கோரையப் புடிச்சிகினு நிப்பான்…"

பைக் சாவிக்காகப் பைக்குள் கையை விட்டான். சாவி வந்தது. சாவியோடு கட்டைவிரல் பருமனில் ஒரு கருப்பு மூடியும் வந்தது.

கையை விரித்துவைத்துக்கொண்டு அப்படியே நின்றான். கொஞ்ச நேரம் அவனுக்கு அது என்னவென்றே தெரியாத மாதிரி பார்த்தான். பிறகு பாயிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"எங்கிட்டதான் கீது" என்றான். "பொழுது சாயறதுக்குள்ள வரணும்னு… பைக்குள்ள போட்டுகினு வந்துட்டேன். அவன் தேடிகீறான். எங்கிட்ட கேட்டுகீறான். நான் தூங்கிட்டேன்மா. நான்தாம்மா அவனக் கொன்னுட்டேன்."

"அப்டிச் சொல்லாதடா!" சந்திரம்மா அவன் தலையைப் பிடித்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். "ஒனக்கு இன்னா தெரியும்? நீ தூங்கினு இருந்த. தூக்கத்துல இருக்கறவன் இன்னா பண்ணுவான்?"

சொல்லிவிட்டு அவள் தலையை நிமிர்த்தினாள். கணவரைப் பார்த்தாள். அவர் மத்தியானம் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். யார் என்று கேட்டதற்குக் கம்பெனிக்காரன் என்றார். இப்போது போனில் இருப்பது தீனா பெயர். படத்தோடு வருகிற பெயர். முப்பது வருஷம் இந்த மனுஷனோடு குடும்பம் நடத்தியவள் அவள். அதற்கு மேல் அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

"நீங்க சொல்லுங்க" என்றாள். குரல் எழும்பவில்லை. "அவன் தன் தலையில போட்டுகினு அழுவறான். நீங்க வாயத் தொறந்து சொல்லுங்க."

ஹேமந்த் அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். "இன்னா சொல்லணும்?"

ஜெபசிங் வாயைத் திறந்தார்.  எங்கப்பன் முதுகு என்று சொல்வதா? ஒன் பாதம் வெடிச்சிருந்தது, அத்தப் பாத்துகினு இருந்தேன் என்று சொல்வதா? எல்லாம் உண்மைதான். ஆனால் எதைச் சொன்னாலும், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு சிரித்த அந்தப் பையன் மேல் அவர் மூடியை அழுத்தி மூடியது மூடியதுதான். ஒங்க நைனா பேசனாரா என்று கேட்ட பையன். ஆண்டை எங்கே வந்து அவரைக் கூப்பிட்டான்? ஆண்டை எப்போதோ செத்துப்போய்விட்டான். கூப்பிட்டது ஒரு சிநேகிதன். அதுகூட வேலைக்கு வா என்று கூப்பிடவில்லை, மூடி எங்கே என்று கேட்கவும், தூங்கு என்று சொல்லவும்தான் கூப்பிட்டிருக்கிறான்.

"ஹேமந்து…" என்றார். "மத்தியானம்…"

போன் அடித்தது.

மூன்று பேரும் ஹேமந்தின் கையைப் பார்த்தார்கள். அது இல்லை. உலகநாதனின் சட்டைப் பையில் அடித்தது. அவர் எடுத்தார். திரையைப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் வந்துவிட்டார் போலிருக்கிறது, போனைக் கிட்டே கொண்டுபோய்த் தூரத்தே கொண்டுபோய்ப் பார்த்தார். ரிசார்ட் எண்தான். கண்டுபிடித்துவிட்டார்கள். இல்லாவிட்டால் இப்போது கூப்பிட மாட்டார்கள். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் தெரிய வேண்டும்.

அவர் கட்டைவிரல் திரைக்கு மேலே நின்றது. இறங்கவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"வூட்ல திவ்யாகிட்ட இன்னும் சொல்லல" என்றார் யாரிடமோ சொல்வது போல. "மருமவ. அவ மாசமா இருக்கா."

அடித்துக்கொண்டே இருந்தது.

உலகநாதன் போனை நீட்டினார். இவ்வளவு வருஷத்தில் அந்த வீட்டுக் கை ஒன்று இந்த வீட்டுப் பக்கம் நீண்டது இதுதான் முதல் முறை.

"நீ எடு ஜெபசிங்கு. எனக்குக் கை வரல."

ஜன்னல் கம்பியில் வெயில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஜெபசிங் அதைப் பார்த்தார். தரையில் சிந்திக் கிடந்த அரிசியைப் பார்த்தார். மகன் கையில் இருந்த மூடியைப் பார்த்தார். பிறகு போனை வாங்கினார். எண்ணெய்ப் பிசுக்கு இருந்த விரல் திரையில் ஒரு முறை வழுக்கியது. மறுபடியும் அழுத்தினார். காதில் வைத்தார்.

எதிர்ப்பக்கம் யாரோ, "உலகநாதன் சாருங்களா?" என்றார்கள்.

"அவுரு பக்கத்துலதான் நிக்கிறாரு" என்றார் ஜெபசிங். "எங்கிட்ட சொல்லுங்க. நான் கேட்டுகினுதான் கீறேன்."